திருத்தச் சுற்று

நாகலூருக்கு அப்பால் பேருந்து போகாது.
பிறகெல்லாம் சில்வர் ஓக், மிளகுக்கொடி,
அறுந்து தைத்த என் செருப்பு.
படிவத்தை மடிக்காதீர்கள் என்று
சேலத்துப் பயிற்சியில் மூன்று நாளும் சொன்னார்கள்,
மடிந்தால் எந்திரத்துக்குப் படிக்க வராது.
சீர்த்தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு
மலையேறினேன்.

கரடிமேட்டில் முப்பத்தொரு வீடு.
முன்பே வந்து கதவுகளில் நானே எண் எழுதியிருந்தேன்.
பொங்கலுக்கு வெள்ளையடித்ததில்
பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை காணோம்.
இருபத்து மூன்றைச் சுற்றி மட்டும்
கைப்பிடியளவு சுவர் விட்டு அடித்திருந்தார்கள்.

"போன தடவை எங்களை எண்ணவே இல்லீங்க.
வந்தவரு கீழ டீக்கடையில உக்காந்து
குத்துமதிப்பா எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.
அதான் பள்ளிக்கூடம் பக்கத்து ஊருக்குப் போச்சு."
இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
அந்தப் பள்ளியில்தான் நான் கணக்கு டீச்சர்.
மூன்றரை கிலோமீட்டர் நடந்து வந்து
முதல் பாடவேளையில் தூங்கிவிழும் ஒன்பது பேர்
இந்த ஊர்.

குடும்பத் தலைவர் யார்?
ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும்
ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.
வயது?
"ஆரஞ்சு மரமெல்லாம் பட்டுப்போச்சே, அந்த வருசம் பொறந்தேன்."
எந்த ஆரஞ்சு, எந்தத் தோட்டம் என்று
அரைமணி நேரம் கழித்துப் பார்த்து
நாற்பத்தேழு என்று எழுதினேன்.

எஸ்டேட் லைனில் சுக்ரா முண்டா கேட்டான்:
ஊரில் அம்மா என் பெயரையும் சொல்லிவிட்டால்?
சொல்லக் கூடாது, எங்கே இருக்கிறாயோ அங்கேதான்.
ஒரு ஆள், ஒரு முறை.
மேலே பங்களாவிலும் ஐந்து பேர்,
இங்கே பத்தடி அறையிலும் ஐந்து பேர்.
கட்டத்தின் அகலம் ஒன்றே.
தாய்மொழி 'முண்டாரி' என்று எழுதியதை
வாசிக்கத் தெரியாமலே
ரொம்ப நேரம் பார்த்தான்.

இருபத்து மூன்றாம் வீடு. பூங்காவனம்.
உயிரோடு இருக்கும் பிள்ளைகள்?
"நாலு."
மொத்தம் பிறந்தது?
"அஞ்சு" என்றார் வாசலில் நின்ற புருஷன்.
"ஆறு" என்றாள்,
அடுப்பிலிருந்து முகம் திருப்பாமல்.
ஆறு என்று எழுதினேன்.
காரணம் கேட்கும் கட்டம் இல்லை.

பிப்ரவரிக் கடைசி ராத்திரி, ஏற்காடு பேருந்து நிலையம்.
வீடில்லாதவர்களை எண்ணும் ராத்திரி.
டார்ச் வெளிச்சம் பட்டதும்
சாக்குக்குள்ளிருந்தே ஒருவர் சொன்னார்:
"ரெண்டு பேருங்க."
நாயையும் சேர்த்து.
ஒன்று என்று எழுதிவிட்டு
டார்ச்சைக் கீழே தாழ்த்திக்கொண்டேன்.

நள்ளிரவு பன்னிரண்டு மணிதான் கோடு.
அதற்குமேல் ஐந்து நாள் திருத்தச் சுற்று:
கோட்டுக்குள் பிறந்தவரைச் சேர், போனவரை அடி.
நாலாம் வீட்டுச் சடையன்
மார்ச் இரண்டு காலையில் போயிருந்தார்.
அடிக்க முடியாது. கோட்டைத் தாண்டும்போது இருந்தார்.
"அப்போ அடுத்த கணக்கு வரைக்கும் அப்பா இருப்பாருங்களா?"
இருப்பார் என்றேன்.
மகன் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தான்.

ஒன்பதாம் வீட்டில் மார்ச் ஒன்று, விடிகாலை இரண்டு மணிக்கு
ஒரு பெண்பிள்ளை.
இரண்டு மணி நேரம் தாமதம்.
"இவளை?"
பத்து வருடம் கழித்து, என்றேன்.
"அஞ்சாவது படிப்பாளே அப்போ" என்று சிரித்தாள் தாய்.

பத்து, பதினாறாகிவிட்டது.
நோய் வந்தது, தள்ளிப்போட்டார்கள்,
பிறகும் தள்ளிப்போட்டார்கள்.
கௌசிகா மூன்றரை கிலோமீட்டர் நடந்துவந்து
என்னிடமே பின்னம் படித்தாள்.
ஊரில் யார் கேட்டாலும்
"நான் இன்னும் கணக்கிலேயே இல்லை" என்பாள்.

இப்போது மறுபடி ஆணை வந்திருக்கிறது.
படிவம் கிடையாது, கைபேசிதான்,
மடிக்க ஒன்றுமில்லை.
முதல் வீடாக ஒன்பதுக்குப் போக நினைத்திருந்தேன்.
அவளோ பதினொன்றாவதுக்குச்
சேலத்து விடுதியில் சேர்ந்துவிட்டாள்.
எங்கே இருக்கிறாளோ அங்கேதான்.
விடுதிப் பட்டியலில் யாரோ எழுதுவார்கள்.

கரடிமேட்டுக்கு இந்த முறையும் ஒன்று குறையும்.